அவர் இல்லையோ

சிஃபுயு மேசைமேல் விரித்து வைத்த ஜெராக்ஸ் தாளில் முதல் மூன்று வரியைப் படித்ததுமே குசாகாபே மிட்சுயோவுக்குத் தெரிந்துவிட்டது. இந்த வாக்குமூலத்தை எழுதியவள் தான்தான்.

அச்சடித்த தாள், கையெழுத்து எதுவும் இல்லை. இருந்தாலும் தான் வைத்த குழம்பின் ருசி தனக்குத் தெரியாதா? 'மழை பெய்துகொண்டிருந்தது. முகம் தெரியுமளவுக்கு வெளிச்சம் இருந்தது. நான் கண்டது கஜிவாரா தெத்சுவோவைத்தான்.' குட்டை குட்டையாக, ஆணி அடித்ததுபோல் மூன்று வாக்கியம். பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவள் போலீஸில் இருந்தபோது அடித்த ஆணிகள். தாளின் அடியில், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் சிவப்பு முத்திரைகள் இரண்டு, சாட்சியுடையதும் மிட்சுயோவின் மேலதிகாரியுடையதும். அவள் பெயர் எங்கும் இல்லை.

"கஜிவாரா எங்கப்பா," என்றாள் சிஃபுயு. முப்பது வயதுக்குள் இருக்கும். மினாஷிரோ கடைத்தெருவில் பொரித்த மீன் வடை விற்பவள். எண்ணெய் வாசனை அவள் கோட்டோடு, சலவைக்கடை மாடியில் மிட்சுயோ நடத்தும் துப்பறியும் ஆபீஸ்வரை ஏறி வந்திருந்தது. "ஹியோதோவோட முத்துச்சிப்பிக் கொட்டகைக்குத் தீ வச்சார்னு அஞ்சு வருஷம் உள்ள போட்டாங்க. ஒரே ஒரு சாட்சி, இந்தம்மா. பழைய வக்கீல் போன மாசம் ஆபீஸை மூடிட்டு கட்டு கட்டா காகிதம் அனுப்பினார். அப்பா பிரிக்காதேன்னார். நான் திருட்டுத்தனமா பிரிச்சேன். இந்தம்மா ஏன் இப்படிச் சொன்னாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அது போதும்."

இது எனக்கு வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்ல மிட்சுயோ வாயைத் திறந்தாள். "சரி" என்று வந்தது. சிஃபுயு எழுந்து இடுப்பு வளைய வணங்கி, நன்றி நன்றி என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் செருப்புச் சத்தம் படியில் ஓயும்வரை நெமோட்டோ சும்மா இருந்தான். அவனால் அதிகபட்சம் அவ்வளவுதான் முடியும். ஒஸாகாக்காரன். ஜோடியாக மேடையேறி சிரிக்க வைக்கும் தொழிலில் பன்னிரண்டு வருஷம் இருந்தான். ஒருநாள் ஜோடிக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போக, கண்டுபிடித்துத் தரச் சொல்லி மிட்சுயோவிடம் வந்தான். அவள் இரண்டே நாளில் கண்டுபிடித்தாள். "என்னைக் கண்டுபிடிக்கலன்னு சொல்லிடுங்க" என்றான் ஜோடிக்காரன். அதை அப்படியே வந்து சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்த நெமோட்டோ, அன்றிலிருந்து அவளுக்கு உதவியாளன். மேடைக்காரர்கள் மூத்த பெண்களைக் கூப்பிடுகிற வழக்கப்படி அவள் அவனுக்கு அக்கா.

அவன் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். "அக்கா, இந்த சாட்சியம்மா எந்த ஊரு?"

"இஷிகுபோ. இங்கேருந்து பஸ்ல ஒரு மணி நேரம்."

"இருக்கவே முடியாது. அந்தக் கரையில எவனாவது இப்படிப் பேசுவானா? கொட்டுற மழையில தொப்பலா நின்னாலும் 'மழை வர்ற மாதிரி ஒரு தோணல்'ம்பாங்க. போன வாரம் பல் டாக்டர் வீட்டுல ஒருத்தர், கன்னம் பூசணிக்கா சைஸு. என்னண்ணேன்னு கேட்டா, 'பல்லோ என்னமோ வலிக்கிறாப்புல இருக்கு'ங்கிறார்." தாளை விரலால் தட்டினான். "இதுல 'தோணுது' எங்க? 'மாதிரி' எங்க? 'என்னமோ' எங்க? வழிச்சு எடுத்திருக்கான். இது அந்தம்மா பேச்சே இல்ல. யாரோ தலை சீவி, பவுடர் பூசி கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கான். அந்த யாரோவைப் பிடிச்சா கேஸ் முடிஞ்சுது."

மிட்சுயோ எழுந்து கோட்டை மாட்டினாள். "முதல்ல அந்தம்மாவைப் பாப்போம்."

"என்னக்கா, முகம் என்னமோ மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

பஸ்ஸில் அவன் தூங்கினான். அவள் கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். உள்ளே ஒரு பழைய பாக்கெட் நோட்டு. அந்தக் காலத்தில் சாட்சிகள் வாயில் வருவதை வந்தபடியே கிறுக்கிக்கொள்வாள், பிறகு உட்கார்ந்து வாக்குமூலமாகத் திருத்தி எழுதுவாள். வேலையை விட்டபோது நோட்டுகளை எல்லாம் ஒப்படைத்தாள், இந்த ஒன்றைத் தவிர. ஏன் என்று அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அலமாரியில் குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில் கிடந்தது. போர்வை எடுக்கும்போதெல்லாம் கை படும். ஒரு முறைகூடத் திறக்கவில்லை. இன்று பஸ்ஸுக்கு வரும் வழியில் வீட்டில் நுழைந்து எடுத்து வந்தபோதும் திறக்கவில்லை.

"'தோணுது'ன்னு போய் நின்னா கோர்ட்டுல சிரிப்பாங்க," என்றிருந்தார் மேலதிகாரி. "கெட்டியாக்கு." அவள் கெட்டியாக்கினாள். படித்துவிட்டு, "உனக்கு நல்ல கை" என்றார். அந்த மாலை அவள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள். அதுவும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

*

இஷிகுபோவில் யகுஷிஜி தொமியே பழக் கிடங்கில் வேலையாக இருந்தார். கடற்சுவரோரம் அவர் வைத்திருந்த சிகரெட் கடை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டதாம். பிப்ரவரி மாதம். கிடங்கு முழுக்க இயோகான் ஆரஞ்சு, கூடை கூடையாக. அறுபத்தைந்து வயதான தொமியே, பழத்தை உள்ளங்கையில் ஒரு உருட்டு உருட்டிப் பார்த்துப் பெட்டிகளில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மிட்சுயோவைக் கண்டதும் அந்தக் கை ஒரு கணம் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது.

நெமோட்டோ ஒரு பழத்தை எடுத்து மூக்கருகே வைத்தான். "இயோகான்! பேரை வேகமாச் சொன்னா 'ஈ யோகான்', 'நல்ல தோணல்'னு காதுல விழுது. பரீட்சைக்குப் போற பிள்ளைங்க பையில இதைத்தானே திணிச்சு அனுப்பறாங்க? அம்மா, நான் பள்ளிக்கூடத்துல எல்லாத்துலயும் பெயிலு. இப்பச் சாப்பிட்டாப் பலிக்குமா?"

தொமியே சிரித்துவிட்டார். "லேட்டு போலத்தான் தோணுது."

"பாத்தீங்களா, பெயிலுன்னு சொல்றதையே எவ்வளவு பதமாச் சொல்றாங்க!"

"கஜிவாரா சான் விஷயமா வந்தோம்," என்றாள் மிட்சுயோ, பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து.

சிரிப்பு மெல்ல வடிந்தது. "அப்படி ஏதோ இருக்கும்னுதான்... காலையிலேருந்தே நெஞ்சுக்குள்ள ஒரு சலசலப்பு."

"அன்னிக்கு நீங்க என்ன பாத்தீங்க?"

"மழை. அஞ்சு மணி இருக்குமோ என்னமோ. மழைக்கோட்டு போட்ட ஒரு ஆளு, தலையை மூடிக்கிட்டு, கையில டின்னோட ஹியோதோ கொட்டகைப் பக்கமாப் போனார். முதுகுதான் தெரிஞ்சுது. மறுநாள் ஸ்டேஷன்ல 'அது கஜிவாராவா'ன்னு கேட்டாங்க. ஹியோதோவோட சண்டை போட்டு வேலையை விட்டவர் அவருதாங்கிறதால."

"நீங்க என்ன சொன்னீங்க? தாள்ல இருக்கறது வேண்டாம். உங்க வாயில வந்தது."

தொமியே பழத்தைக் கீழே வைத்தார். "'கஜிவாரா சான் இல்லையோன்னு தோணுது.' அப்படித்தான் சொன்னேன்."

"சரி. அதாவது அவர்தான்னு," என்றான் நெமோட்டோ.

"இல்லையே... இல்லையோன்னு."

"இருங்க, இருங்க." அவன் இரண்டு கையையும் தூக்கினான். "தெருவுல தெரிஞ்ச ஆளைப் பாத்ததும் 'அட, நம்ம கஜிவாரா இல்லையோ!'ம்பமே, அந்த இல்லையோவா? இல்ல, 'அவர் மாதிரி தெரியலையே'ங்கற இல்லையோவா?"

தொமியே இன்னொரு முறை சொல்லிக் காட்டினார். 'இல்லையோ' வரும்போது குரல், கிணற்றில் இறக்கிய வாளிபோல மெதுவாகக் கீழே போனது. "ரெண்டாவதுங்க. அவர் இல்லன்னு தோணுச்சு."

நெமோட்டோ வாயைப் பிளந்தான். "அட கடவுளே. தாள்ல எழுதினா ரெண்டும் ஒண்ணு. குரலை ஏத்தினா அவர்தான், இறக்கினா அவரில்ல. ஒரு மனுஷனோட அஞ்சு வருஷம் இந்த 'யோ'வுல தொங்கியிருக்கு! எழுதினவனுக்குக் காது மந்தம் போல."

"மந்தமெல்லாம் இல்ல. அவங்க ரெண்டு தடவை கேட்டாங்க, நான் ரெண்டு தடவை சொன்னேன். அப்புறம் எழுதிப் படிச்சுக் காட்டினாங்க. கேக்க நல்லா இருந்துச்சு, நான் பேசறதைவிட. ஒருவேளை நான் இப்படித்தான் சொன்னேனோன்னு..." தொமியே தன் விரல்களைப் பார்த்தார். "முத்திரை குத்தினது இந்தக் கைதானே. கஜிவாரா சான் வீட்டம்மா செத்தப்பகூட நான் போகல. எந்த முகத்தோட போறது?"

"ஏன் அவரில்லன்னு தோணுச்சு?" மிட்சுயோவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அப்ப எனக்குத் தெரியல. வயித்துக்குள்ள பூச்சி சேதி சொல்லும்பாங்களே, அந்த மாதிரி. மூணு நாள் கழிச்சு, பாத்திரம் தேய்க்கும்போதுதான் புரிஞ்சுது. அந்த ஆளைப் பாத்து 'நனையறீங்களே'ன்னு கூப்பிட்டிருந்தேன். கத்தல, சும்மா மெதுவாத்தான். அந்த ஆளு திடுக்குனு தோளைக் குறுக்கிக்கிட்டு வேகமா நடந்தார். நான் நின்னது அவரோட இடது பக்கம். கஜிவாரா சானுக்கு இடது காது சுத்தமாக் கேக்காது. சின்ன வயசுல கடல்ல முங்கி முங்கிச் செவிப்பறை போச்சு. நாங்கல்லாம் அவர் வலது பக்கம் போய் நின்னுதான் பேசுவோம். கடல் இரைச்சல்ல, மழையில, அவருக்கு நான் கூப்பிட்டது கேட்டிருக்கவே முடியாது."

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?" என்றான் நெமோட்டோ.

"பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போனேன். 'ஏதோ ஒண்ணு உறுத்துது'ன்னு ஆரம்பிச்சேன். மேசையில இருந்தவங்க, 'உறுதியாச் சொல்ல முடியுமா?'ன்னாங்க. எடுத்ததுமே உறுதின்னு எப்படிச் சொல்றது? 'உறுதின்னு சொல்ற அளவுக்கு இல்லைங்க'ன்னேன். 'அப்போ உறுதியானதும் வாங்க'ன்னு கதவைக் காட்டிட்டாங்க. அதுக்கப்புறம் தைரியம் வரல."

"யாரந்த மகராசி? பேரு ஞாபகம் இருக்கா?"

தொமியே பெட்டியிலிருந்த ஒரு பழத்தை எடுத்து, அது ஏற்கெனவே சரியான பெட்டியில்தான் இருக்கிறது என்று பார்த்துத் திரும்ப வைத்தார்.

"நான்தான்," என்றாள் மிட்சுயோ.

நெமோட்டோ சிரிக்கத் தயாராக அவளைத் திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் சிரிக்கவில்லை.

"அப்ப உங்களுக்குத் தலைமுடி நீளம்," என்றார் தொமியே மெதுவாக. "உள்ள வரும்போதே தெரிஞ்சுது. நீங்களாச் சொல்வீங்கன்னு ஒரு தோணல். அதான் சும்மா இருந்தேன்."

*

படகுத்துறைப் படியில் நெமோட்டோ அவளிடமிருந்து மூன்று படி தள்ளி உட்கார்ந்தான். காற்றில் உப்பும் அழுகிய சிப்பி நாற்றமும் கலந்து வந்தன.

"பன்னிரண்டு வருஷம் மேடையில முட்டாளா நடிச்சேன்," என்றான். "நிஜமா முட்டாளானது இன்னிக்குத்தான். 'அந்த யாரோவைப் பிடிச்சா கேஸ் முடிஞ்சுது'ன்னு உங்ககிட்டயே சொல்லியிருக்கேன். நீங்களும் கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பியிருக்கீங்க."

அவள் கைப்பையைத் திறந்து நோட்டை நீட்டினாள். "நீயே படி. எனக்குத் தைரியமில்ல."

அவன் பக்கங்களைத் தள்ளினான். மை மங்கியிருந்தது. "தொமியே... தொமியே... இதோ. 'கஜிவாரா சான் இல்லையோன்னு தோணுது.' வார்த்தைக்கு வார்த்தை சரியா இருக்கு." நோட்டை முகத்தருகே கொண்டுபோனான். "அக்கா, 'இல்லையோ' மேல சரிவா ஒரு கோடு போட்டிருக்கீங்களே, இது என்ன?"

அலைகள் வந்து கல்லில் மோதின. மிட்சுயோ இத்தனை நாளும் தனக்குச் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. அரைகுறையாக இருந்ததை முழுசாக்கினேன், அவ்வளவுதான். ஊகத்தை உறுதியாக்கியது தப்புத்தான், ஆனாலும் ஊகம் அந்தப் பக்கம்தானே சாய்ந்திருந்தது. அந்தக் கதையை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள், தூங்கினாள்.

"குரல் கீழே இறங்கினா அப்படிக் கோடு போடுவேன்," என்றாள்.

நெமோட்டோ, கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதுபோல் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். அங்கே கொட்டகை முதலாளி ஹியோதோவின் பேச்சு இருந்தது. தீப்பிடித்த மாலை அவர் இரண்டு மணி நேரத் தூரத்தில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண விருந்தில் இருந்ததாக வழக்கில் பதிவாகியிருந்தது. நெமோட்டோ பழக்கதோஷத்தில் மேடைக் குரலில் வேகமாகப் படித்தான்.

"'வீட்டுக்காரி போன் பண்ணினா. கொட்டகை எரியுதாம். இவ்வளவு மழையிலயும் அணையலையாம். கஜிவாராவை அந்தப் பக்கம் பாத்தாங்களாம். தீ முதல்ல கடல் பக்கமாத்தான் சாஞ்சுது, அப்புறம் காத்து திரும்பிடுச்சு. அக்கம்பக்கத்துல வாளியோட ஓடி வந்தாங்களாம். ஒண்ணும் மிஞ்சலையாம்.'"

நின்றான். மறுபடி படித்தான், இந்த முறை தொடையில் தாளம் தட்டிக்கொண்டு. "எரியுதாம். அணையலையாம். பாத்தாங்களாம்..." தட்டிய கை காற்றில் நின்றது. "அக்கா. இங்க ஒரு 'ஆம்' குறையுது."

"என்ன?"

"ஆம், ஆம், ஆம்னு வண்டி நல்லாத்தான் ஓடுது. நடுவுல டொக்குனு ஒரு பள்ளம். 'தீ கடல் பக்கமாத்தான் சாஞ்சுது, அப்புறம் காத்து திரும்பிடுச்சு.' மேடையில இப்படித் தாளம் விட்டா ஜோடிக்காரன் மண்டையில தட்டுவான். ரெண்டு மணி நேரத் தூரத்துல விருந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தவன், தான் பாக்காத தீயைப் பத்தி 'சாஞ்சுதாம்'னுதானே சொல்வான்? மத்த எல்லாத்துக்கும் ஒழுங்கா 'ஆம்' போட்டிருக்கானே! பொய் சொன்ன இடத்துல எல்லாம் ஜாக்கிரதையா இருந்திருக்கான். கண்ணால பாத்த இடத்துல நாக்கு வழுக்கிடுச்சு."

மிட்சுயோ நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் கிறுக்கல்தான். கோர்ட்டுக்குப் போன தாளில் அவள் எழுதியது வேறு. 'கொட்டகை எரிந்தது. மழையிலும் அணையவில்லை. தீ முதலில் கடல் பக்கம் சாய்ந்தது.' எல்லா 'ஆம்'களையும் வெட்டி எறிந்து சமமாக்கியிருந்தாள். பள்ளம் எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி அதை நிரவியவள் அவள்தான்.

"விருந்துல அவரைப் பாத்தவங்க?" என்றான் நெமோட்டோ.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். சொந்தக்காரர்கள் மூன்று பேர். 'சாயங்காலமும் இருந்த மாதிரிதான் தோணுது.' 'இருந்தாரோ என்னமோ, எல்லாரும் குடியில இருந்தோம்.' 'இருந்திருப்பாரு.' மூன்று பேருக்கும் சேர்த்து அவள் எழுதிய ஒரே வரி: 'இருந்தார்.'

அந்த வருஷம் நோய் விழுந்து ஹியோதோவின் சிப்பிகள் செத்துக்கொண்டிருந்தன. அதை மறைத்து, நோய்ச் சிப்பிகளை மற்றவர்கள் சிப்பி வளர்க்கும் தட்டிகளோடு ஒரே தண்ணீரில் போடுகிறார் என்று கஜிவாரா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சண்டையே அதனால்தான். கொட்டகையில் கிடந்த செத்த சிப்பிகளும் தீயோடு போயின, அதைச் சொன்னவன் பேச்சுக்கிருந்த மரியாதையும் போயிற்று.

"இந்த நோட்டு வெளிய வந்தா," என்றான் நெமோட்டோ, "முதல்ல மாட்டுறது ஹியோதோ இல்ல. நீங்க."

"தெரியும்."

"கடல் பக்கத்துலதான் இருக்கு. தூக்கிப் போட்டுடலாம்னு ஒரு தோணல்கூட வரலையா?"

"வந்துச்சு," என்றாள். "பதினோரு வருஷமா வருது."

அவன் எழுந்து, மூன்று படி இறங்கி, அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "பன்னெண்டரைக்கு பஸ்," என்றான்.

*

மீன் வடைக் கடையில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. பின்கட்டில், பெரிய வாணலிக்கு முன்னால் கஜிவாரா நின்று வடைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். குட்டையான, தோள் அகன்ற மனிதர். சிஃபுயு முகம் மலர்ந்து ஓடி வந்தாள். "அந்தம்மாவைப் பாத்தீங்களா?"

"உங்கப்பாகிட்ட பேசணும்," என்றாள் மிட்சுயோ.

அதற்குள் வாசலில் ஒரு பெண்மணி வந்து நிற்க, "பத்து வடையா அம்மா? சூடாவா, ரொம்பச் சூடாவா?" என்று நெமோட்டோ கேட்காமலே வியாபாரத்தில் இறங்கினான். பின்கட்டுத் திரையை இழுத்து மூடியதும் அவன்தான்.

பஸ்ஸில் வரும்போது கோத்து வைத்த எல்லா முன்னுரையும் எண்ணெய்ப் புகையில் கரைந்துபோனது. மிட்சுயோ ஒரே மூச்சில் சொன்னாள். "உங்க கேஸ்ல அந்த சாட்சி வாக்குமூலத்தை எழுதினது நான். அது நீங்க இல்லன்னு அந்தம்மா சொன்னாங்க. நீங்கதான்னு நான் எழுதினேன்."

சிஃபுயுவின் கையிலிருந்த தட்டு மேசையில் மோதியது. கஜிவாரா இன்னொரு வடையைத் திருப்பினார். பிறகு யாரோ நிற்பது உறைத்ததுபோல் தலையை உயர்த்தினார். "யாரு? என்ன வேணும்?"

அவள் அவருடைய இடது பக்கம் நின்றிருந்தாள்.

வாணலியைச் சுற்றி அந்தப் பக்கம் போக நான்கு எட்டு. முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு குதித்ததுபோல் சொல்லிவிட்டாள். இப்போது அவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு வார்த்தையாக, அதே மூன்று வாக்கியத்தைச் சொன்னாள்.

கஜிவாரா அடுப்பை அணைத்தார். எண்ணெய் கொஞ்ச நேரம் தானாகப் பொரிந்து அடங்கியது.

"அந்தத் தாளைக் கோர்ட்டுல படிச்சாங்க," என்றார். "தொமியே சான் இப்படிப் பேச மாட்டாங்களேன்னு எனக்குத் தோணுச்சு. வக்கீல்கிட்ட சொன்னேன். 'தோணுதா?'ன்னு கேட்டுச் சிரிச்சார்." ஜல்லிக்கரண்டியை எடுத்த இடத்தில் வைத்தார். "நாலாவது வருஷம் என் பொண்டாட்டி போயிட்டா. போறதுக்கு முன்னாடி ஒரு லெட்டர் எழுதினா. 'நீங்க செய்யலன்னுதான் எனக்குத் தோணுது'ன்னு. தோணுதாம். தெரியும்னு எழுதல. அந்த ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு ஒரு வருஷம் உள்ள படுத்துக் கிடந்தேன். அவளைக் குத்தம் சொல்ல முடியுமா? 'கண்டது கஜிவாராவைத்தான்'னு நீங்க எழுதி வச்சிருக்கீங்க. அதுக்கு எதிரா அவளால அவ்வளவுதான் சொல்ல முடிஞ்சிருக்கு."

மிட்சுயோ முழங்காலிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"எழுந்திரிங்க. தரையெல்லாம் எண்ணெய்." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. "மன்னிக்கிறதெல்லாம் எனக்கு இப்ப வரல. வருமான்னும் தெரியல. இப்பச் சொன்னீங்களே, இதைக் கோர்ட்டுல இப்படியே சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"காலையில உங்க ஆபீஸுக்கு வந்தேன்ல," என்றாள் சிஃபுயு. "ரெண்டு தடவை நன்றி சொன்னேன். அப்பவே தெரியுமா?"

"தெரியும். மூணு வரி படிச்சதுமே."

சிஃபுயு ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். "வக்கீல் மகினோ ஆபீஸ் ரெண்டு தெரு தள்ளி இருக்கு. முன்னாடி நடங்க. எங்க பக்கத்துல வராதீங்க."

*

வக்கீல் மகினோ கண்ணாடியைத் தள்ளித் தள்ளி நோட்டை இரண்டு முறை படித்தார். மறுவிசாரணை கேட்க இதுவும் தொமியேவின் புதிய வாக்குமூலமும் போதும் என்றும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், வருஷமும் ஆகலாம் என்றும் சொன்னார். பிறகு மிட்சுயோவை உட்கார வைத்து, கேட்டுக் கேட்டு, தானே கம்ப்யூட்டரில் தட்டினார். கஜிவாராவும் சிஃபுயுவும் எதிர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நெமோட்டோ கதவோரமாக நின்றான்.

தட்டி முடித்ததும் மகினோ படித்துக் காட்டினார். நல்ல மனுஷி, எதிரில் இருப்பவளும் ஒரு காலத்தில் சட்டத்தின் பக்கம் நின்றவள் என்ற இரக்கம் குரலில் இருந்தது. "'...அப்போது வேலைப்பளுவாலும் கவனக்குறைவாலும், சாட்சி சொன்னதன் பொருள் மாறும்படி எழுதிவிட்டதாகத் தோன்றுகிறது.' சரியா இருக்கா?"

கேட்க நன்றாக இருந்தது. மிட்சுயோவுக்கு ஒரு கணம், தான் அப்படித்தான் சொன்னோமோ என்றுகூடத் தோன்றியது. தலையை ஆட்டினால் போதும்.

"அதை அடிங்க," என்றாள்.

"எதை?"

"கவனக்குறைவு இல்ல. அந்தம்மா குரல் இறங்கினது எனக்குக் கேட்டுச்சு. நோட்டுல கோடு போட்டிருக்கேன். கேட்டு, புரிஞ்சுக்கிட்டு, அதுக்கப்புறம்தான் மாத்தி எழுதினேன். மூணு நாள் கழிச்சு அவங்க திரும்ப வந்தப்போ, எதுக்கு வந்திருக்காங்கன்னு தெரிஞ்சுதான் அனுப்பிச்சேன்."

மகினோவின் கை விசைகள்மேல் நின்றது. "குசாகாபே சான், இப்படிப் பதிவு பண்ணினா உங்களுக்கு என்ன ஆகும்னு..."

"தெரியும். 'தோன்றுகிறது'வும் வேண்டாம்."

கதவோரம் நெமோட்டோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விசைகள் மறுபடி ஓடின. அச்சுப்பொறி முனகி, ஒரு தாளைத் துப்பியது. மகினோ அதை எடுத்து, இந்த முறை இரக்கம் எதுவும் கலக்காமல் படித்தார். "'சாட்சி மறுத்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே மாற்றி எழுதினேன்.'"

"ஆமா," என்றாள் மிட்சுயோ.

கைப்பையில் தன் முத்திரைக்கட்டையைத் தேடி எடுத்தாள். மைப்பெட்டி மேசையின் மறுகோடியில், எட்டாத தூரத்தில் இருந்தது. யாரும் அசையவில்லை. பிறகு சிஃபுயு, அவள் முகத்தைப் பார்க்காமலே, கையை நீட்டி அதை அவள் பக்கமாகத் தள்ளினாள்.